குஸ்டாஃப் ஹோக்கான்சன்

குஸ்டாஃப் ஹோக்கான்சன் (அக்டோபர் 15, 1885 - ஜூன் 9, 1987) சுவீடன் நாட்டைச் சேர்ந்த நெடுந்தொலைவு மிதிவண்டி ஓட்டுநர் ஆவார். 1951ஆம் ஆண்டு நடைபெற்ற சுவீடன் ஓட்டம் (ஸ்வேரியலோப்பெட்) என்னும் போட்டியின் பாதை முழுவதையும், போட்டியாளராக ஏற்கப்படாத நிலையிலேயே ஓட்டி முடித்துப் புகழ் பெற்றார். ஏற்கப்பட்ட போட்டியாளர்களுக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாகவே இவர் முடிவிடத்தை அடைந்தார்.

பெயர்

சுவீடன் மக்கள் இவரை ஸ்டோல்ஃபார்ஃபார் என்று அழைத்தனர். இதற்கு எஃகுத் தாத்தா என்று பொருள். சுவீடிய மொழியில் தந்தையின் தந்தைக்கும் தாயின் தந்தைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஃபார்ஃபார் என்பது தந்தையின் தந்தையைக் குறிக்கும். யாழ்ப்பாண வழக்கிலுள்ள அப்பப்பா என்ற சொல்லுக்கு இது மிகவும் நெருக்கமானது. சூப்பர்மேன் என்னும் சித்திரக்கதை நாயகனுக்குச் சுவீடிய மொழியில் எஃகு மனிதன் என்று பெயர். நீண்ட வெண்தாடியுடன் மிதிவண்டியில் வந்த முதியவருக்கு அதையொட்டிய பெயர் எளிதில் நிலைத்துவிட்டது.

போட்டியும் மறுப்பும்

ஹோக்கான்சன் நாட்டின் தென்கோடியான ஸ்கோனே பகுதியில், ஹெல்சிங்போர்க் நகரில் பிறந்தார். அந்நகருக்கு அருகிலுள்ள கான்டொஃப்டா என்னும் சிற்றூரில் வாழ்ந்தார்.

1951ஆம் ஆண்டுப் போட்டி, பின்லாந்து எல்லையை ஒட்டிய ஹாப்பரண்டாவில் தொடங்கி, பால்டிக் கடற்கரையிலுள்ள ஈஸ்டாட் நகரில் முடிவதாக அமைக்கப்பட்டது. தொலைவு ஏறத்தாழ 1,760 கிமீ. இதில் கலந்துகொள்ள ஹோக்கான்சன் விண்ணப்பித்தார். 40 வயதுக்கு மேற்பட்டோர் இத்தொலைவைத் தாங்கமாட்டார்கள் என்று கருதிய அமைப்பாளர்கள் அவரை ஏற்க மறுத்தனர். பல நூல்களில் அப்போது அவருக்கு 66 வயது என்று எழுதப்பட்டுள்ளது. பிறந்த நாளைக் கொண்டு கணக்கிட்டால் 65 நிறைந்து 66 நடந்துகொண்டிருந்தது என்பதே சரி.

பொதுச் சாலையில் மிதிவண்டி ஓட்டுவதை எந்த அமைப்பாளராலும் தடுக்க இயலாது. போட்டியாளர்கள் புறப்பட்ட பின்னர், சுழியம் என்ற எண்ணைத் தாமே அணிந்துகொண்டு, ஹோக்கான்சனும் ஹாப்பரண்டாவிலிருந்து புறப்பட்டார்.

பயணம்

போட்டி பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் போட்டியாளர்கள் இரவு தங்கி உறங்கினர். ஹோக்கான்சனுக்கு அந்த விதி பொருந்தவில்லை. மற்றவர்கள் உறங்கிய நேரத்தில் அவர் ஓட்டினார். மிகக் குறைவாகவே உறங்கினார். சூலைத் தொடக்கத்தில் வட சுவீடனில் இரவு முழுவதும் வானில் வெளிச்சம் இருக்கும் என்பதும் அவருக்குத் துணை செய்திருக்க வேண்டும். பகலில் பின்தங்கினாலும் ஒவ்வோர் இரவும் இடைவெளியை மீட்டு, விரைவில் அனைவரையும் முந்திவிட்டார்.

செய்தித்தாள்கள் அவரைப் பின்தொடரத் தொடங்கின. போட்டியில் இல்லாத ஒருவரே போட்டியின் முதன்மைச் செய்தியானார். சோடர்ஹாம்ன் நகரில் காவல்துறையினர் அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படும்படி கேட்டுக்கொண்டனர். உடல்நிலை நன்றாக இருப்பது தெரியவந்ததால் பயணம் தொடர்ந்தது.

சூலை 7, 1951 அன்று பிற்பகல் அவர் ஈஸ்டாட்டை அடைந்தார். முடிவிடத்துக்குச் சற்று முன்னர் வண்டியின் சக்கரம் காற்றிழந்துவிட்டது. பெருங்கூட்டம் திரண்டு அவரை வரவேற்றது. எடுத்துக்கொண்ட நேரம் 6 நாள், 14 மணி, 20 நிமிடம். பின்னர் மன்னர் ஆறாம் குஸ்டாஃப் அடோல்ஃப் அவரை நேரில் சந்தித்தார்.

வென்றவர் யார்?

ஹோக்கான்சன் இப்போட்டியில் வென்றார் என்று பரவலாகக் கூறப்படுகிறது. இதை அப்படியே ஏற்க முடியாது. கட்டங்களாக நடக்கும் போட்டியில் ஓடிய நேரம் மட்டுமே கணக்கில் சேரும், உறங்கிய நேரம் சேராது. ஹோக்கான்சனின் பயணத்தில் ஓய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணிக்குச் சராசரியாக 11 கிமீ வேகமே வருகிறது. சமதரைச் சாலையில் பழக்கமுள்ள எவரும் இதைவிட விரைவாக ஓட்டுவர். ஆயினும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 267 கிமீ என்ற அளவில் ஒரு வாரம் நிறுத்தாமல் ஓட்டுவது முற்றிலும் வேறு திறன். அவர் மற்றவர்களைவிட வேகமானவர் அல்லர், குறைவாக நின்றவர். எனவே முறைப்படியான முடிவுப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. ஆனால் வயது வரம்புக்கு அமைப்பாளர்கள் கூறிய காரணம், அதாவது உடல் தாங்காது என்பது, அவரளவில் பொய்யாயிற்று. அன்றைய சுவீடன் மக்களும் கால அட்டவணையைக் காட்டிலும் இதையே பெரிதாக எடுத்துக்கொண்டனர் எனத் தெரிகிறது.

பிற்காலம்

இப்பயணத்துக்குப் பின் ஹோக்கான்சன் நாடறிந்த மனிதரானார். விளம்பரங்களில் தோன்றினார். ஊர்ப் பூங்காக்களிலும் முதியோர் இல்லங்களிலும் பாடினார். சமயப் பாடல்களை இசைத்தட்டிலும் பதிவு செய்தார். சமயப் பற்று மிகுந்த இவர், எழுபது வயதைக் கடந்தபின் 1959இல் மிதிவண்டியில் எருசலேமுக்குப் புனிதப் பயணம் சென்றார். அதன் பின்னரும் நெடுங்காலம் மிதிவண்டியைக் கைவிடவில்லை. 1987ஆம் ஆண்டு சூன் 9 அன்று தமது 101ஆவது வயதில் காலமானார்.