மூலையில் நின்ற வேதியியலாளர்

முதலாம் ஆண்டுக் கரிம வேதியியல் பயிற்சி வகுப்பு அது. ஐசோபியூட்டேனின் நான்கு கார்பன் அணுக்களை வகைப்படுத்த என்னை அழைத்தார்கள். நடு அணுவை இரண்டாம் நிலை என்று வெண்பலகையில் எழுதினேன். வகுப்பே சிரித்தது. கூனிக்குறுகிப் போன நான் அன்று மாலை நூலகத்தில் அடைக்கலம் புகுந்தேன். அங்குதான் அலெக்சாண்டர் பட்லெரோவ் எனக்கு அறிமுகமானார்.

1828இல் ரஷ்யாவின் சிஸ்தோபோல் ஊரில் பிறந்த அவர், பிறந்த சில நாள்களிலேயே தாயை இழந்தவர். கசான் நகர விடுதிப் பள்ளியில் அவர் இரகசியமாகச் செய்த சோதனை ஒன்று வெடித்துவிட்டது. பெரிய வேதியியலாளர் என்று ஏளனமாக எழுதிய பலகையை அவர் கழுத்தில் மாட்டி, உணவுக்கூடத்தின் மூலையில் நிற்க வைத்தார்களாம். என்னைப் போலவே அவரும் சிரிப்புக்கு ஆளானவர்தான்!

கசான் பல்கலைக்கழகத்தில் கிளாவுஸ், சினின் ஆகிய அறிஞர்களிடம் பயின்று, பின்னர் அங்கேயே பேராசிரியரானார். ஒரே வாய்பாடு கொண்ட பொருள்கள் வெவ்வேறு பண்புகளைக் காட்டுவது ஏன் என்பது அக்காலத்தின் பெரும் புதிர். மூலக்கூறின் உள்ளமைப்பை அறியவே முடியாது என்று பலர் கருதினர். பட்லெரோவ் அதை ஏற்கவில்லை. எந்த அணு எந்த அணுவோடு இணைந்துள்ளது என்பதே பொருளின் பண்பை முடிவு செய்கிறது என்றும், அதை வினைகளின் வழி கண்டறியலாம் என்றும் 1861இல் ஜெர்மனியின் ஸ்பெயர் நகர மாநாட்டில் அறிவித்தார்.

வகைப்பாட்டின் உயிர்நாடி இதுவே. ஒரு கார்பன் வேறு எத்தனை கார்பன்களோடு நேரடியாக இணைந்துள்ளது? ஒன்று என்றால் முதல் நிலை. இரண்டு, மூன்று, நான்கு என்றால் முறையே இரண்டாம், மூன்றாம், நான்காம் நிலை.

மூன்றாம் நிலை ஆல்கஹால் இருக்கக்கூடும் என்று ஜெர்மானியரான கோல்பே முன்பே ஊகித்திருந்தார். அதை உருவாக்கிக் காட்டியவர் பட்லெரோவ். காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டைமெத்தில் துத்தநாகத்தைக் கொண்டு, 1864 வாக்கில் மூன்றாம் நிலை பியூட்டைல் ஆல்கஹாலைத் தயாரித்தார்.

முதல் நிலை ஆல்கஹால் ஆக்சிஜனேற்றத்தில் ஆல்டிஹைடாகி, பின் அமிலமாகும். இரண்டாம் நிலை கீட்டோனாகும். மூன்றாம் நிலையோ எளிதில் அசையாது. ஏனெனில், ஆக்சிஜனைத் தாங்கும் கார்பனில் இழப்பதற்கு ஹைட்ரஜனே இல்லை. ஆக, நிலை என்பது வெறும் பெயரன்று; அந்த அணு எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லும் குறிப்பு.

1868இல் அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். தேனீ வளர்ப்பிலும் ஈடுபாடு கொண்டு, அதைப் பற்றி நூல் எழுதினார். 1886இல் மறைந்தார். அவருடைய மாணவர் மார்கோவ்னிகோவின் பெயரை நாம் இன்றும் பாடத்தில் படிக்கிறோம்.

நூலை மூடிவிட்டு ஐசோபியூட்டேனை மீண்டும் வரைந்தேன். வகுப்பில் நான் இடமும் வலமும் மட்டுமே பார்த்திருந்தேன். கீழே தொங்கிய கார்பனைக் கணக்கில் சேர்க்கவில்லை. இம்முறை பொறுமையாக எண்ணினேன். மூன்று!

தம்பி தங்கையரே, தவறிழைத்து மூலையில் நிற்க நேர்ந்தால் கலங்காதீர்கள். அங்கே நின்றபடியே மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.