இருட்டில் படம் பிடித்தவர் வைணு பாப்பு



விஞ்ஞானியைப் பற்றி எழுதச் சொன்னால் நம்ம சுவர் இதழில் பாதிப் பேர் சர் சி.வி.ராமனைப் பற்றியும், மீதிப் பேர் அப்துல் கலாமைப் பற்றியும் எழுதிவிடுகிறோம். அதனால் இந்த முறை நான் வைணு பாப்புவை எடுத்துக்கொண்டேன். பாப்பு என்றதும் சிரிக்காதீங்க. அவர் அப்பா பெயரும் பாப்புதான். நம் நாட்டில் நட்சத்திரங்களை ஆராய்வதற்குப் பெரிய வழி போட்டுக் கொடுத்தவர் இவர். அவர் உருவாக்கிய இடமும் நமக்கு ரொம்ப அந்நியம் இல்லை. நம்ம பாலாறு வாலாஜாபாத்துக்கு வருவதற்கு முன்னால் வாணியம்பாடி வழியாகத்தானே வருகிறது? அந்த வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் போய், ஜவ்வாது மலைப் பக்கம் ஏறினால் காவலூர் வரும். இப்போது அது திருப்பத்தூர் மாவட்டம்.

வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். அவர் அப்பா ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை பார்த்தார். அதனால் சின்ன வயதிலேயே தொலைநோக்கி பக்கத்தில் வளர்ந்தார். படிக்கும்போதே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்களைக் கவனித்துக் கட்டுரை எழுதினார். பிறகு உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அங்கே போய்க் கொஞ்ச மாதத்தில், 1949 ஜூலை 2-ல், ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தக் காலத்தில் வானத்தைப் படம் பிடித்த முறையைச் சொல்ல வேண்டும். ஃபிலிம் கூட இல்லை, கண்ணாடித் தகடு. அதில் வெள்ளி உப்பு பூசியிருக்கும். ஒளி பட்ட இடம், தகட்டைக் கழுவியதும் கறுப்பாகும். அந்தத் தகட்டைத் தொலைநோக்கியில் மாட்டி, ரொம்ப நேரம் திறந்தே வைத்திருப்பார்கள். பூமி சுற்றுவதால் தொலைநோக்கியையும் நட்சத்திரம் கூடவே திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

எதுக்கு அவ்வளவு நேரம்? நம்ம தெருக்குழாயில் சில நாள் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். உள்ளங்கையை நீட்டினால் ஒன்றும் நிற்காது. ஆனால் குடத்தை வைத்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் நிறைஞ்சிடும். நம்ம கண் உள்ளங்கை மாதிரி, ஒளியைச் சேர்த்து வைக்கத் தெரியாது. தகடு குடம் மாதிரி. அதனால்தான் கண்ணுக்கே தெரியாத நட்சத்திரமும் படத்தில் தெரிகிறது.

அன்றைக்கு அவர் எடுத்த தகட்டில் நட்சத்திரங்களுக்கு நடுவே புகை மாதிரி ஒன்று இருந்தது. புதிதாக இருந்த அது ஒரு வால் நட்சத்திரம்! பேராசிரியர் பார்ட் போக், கூட இருந்த கார்டன் நியூகிர்க் இருவரும் சேர்ந்து சரிபார்த்தார்கள். அதனால் அதற்கு பாப்பு-போக்-நியூகிர்க் என்று மூன்று பேர் பெயரும் வைத்தார்கள். அப்போது அவருக்கு 21 வயதுதான். அதற்குப் பதக்கமும் கிடைத்தது.

அடுத்து, வில்சன் என்பவரோடு சேர்ந்து, நட்சத்திர ஒளியை வானவில் போலப் பிரித்துப் படம் எடுத்தார். அதில் கால்சியம் காட்டும் ஒரு கோட்டின் அகலத்தை அளந்தால் அந்த நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசம் தெரியும், அதிலிருந்து தூரமும் தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். 1957-ல் வெளிவந்த இதை வில்சன்-பாப்பு விளைவு என்கிறார்கள்.

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனால் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்துக்கு இயக்குநர் ஆனார். அங்கே சூரியனைப் பார்க்கலாம், ஆனால் இரவில் நட்சத்திரம் பார்க்க மேகம் விடாது. மேகம் குறைவாக, இருட்டு அதிகமாக ஒரு இடம் வேண்டும் என்று தேடித்தான் காவலூரைப் பிடித்தார். 1960-களின் கடைசியில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு காட்டுக்கு நடுவே வேலை தொடங்கியது. 1972-ல் ஜெர்மனியிலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருப்பது தெரிந்தபோது, காவலூரிலும் அதைப் பதிவு செய்தார்கள். நம்ம பக்கத்து மலையிலிருந்து!

அவருக்கு அது போதவில்லை. 2.34 மீட்டர் ஆடி வைத்த பெரிய தொலைநோக்கி வேண்டும், அதை வெளிநாட்டில் வாங்காமல் இங்கேயே செய்ய வேண்டும் என்று நின்றார். ஆடியை பெங்களூரில் தேய்த்தார்கள். தேய்ப்பது என்றால் சும்மா இல்லை. நான் கண்ணாடி போட்டவள், எனக்கு இது நல்லாப் புரியும். கண்ணாடியைக் கழற்றினால் தெருவிளக்கு பெரிய பூ மாதிரி விரிந்து தெரியும். ஒரு புள்ளியிலிருந்து கிளம்பிய ஒளி ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தால்தான் படம் தெளிவு. அதற்கு ஆடியின் வளைவில் தலைமுடி பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கூடப் பிசகு இருக்கக் கூடாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருட்டில் நம்ம கண்மணி விரிந்தால் சுமார் 7 மில்லிமீட்டர். அந்த ஆடி நம்ம ஒரு கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஒளி பிடிக்கும்.

வேலை நடந்துகொண்டிருந்தது. 1979-ல் அவர் உலக வானியல் சங்கத்துக்கே தலைவர் ஆனார். 1982 ஆகஸ்டில் கிரீஸ் நாட்டில் அந்தச் சங்கத்தின் மாநாடு. அதே நாட்களில் அவர் ஜெர்மனியில் மியூனிக் நகர மருத்துவமனையில் இருந்தார். ஆகஸ்ட் 19-ல் இறந்துவிட்டார். 55 வயது முடிந்து ஒன்பதே நாள். தொலைநோக்கி 1986 ஜனவரியில்தான் தயாரானது. பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து, அதற்கு வைணு பாப்பு தொலைநோக்கி என்று பெயர் வைத்தார். எந்தத் தொலைநோக்கிக்காக அவ்வளவு பாடுபட்டாரோ, அது எடுத்த ஒரு படத்தைக் கூட அவர் பார்க்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப கஷ்டமாக இருந்தது.

இப்போது அங்கே கண்ணாடித் தகடு இல்லை. சி.சி.டி. என்ற சிலிக்கான் சில்லு இருக்கிறது. அது 1969-ல் கண்டுபிடித்தது. அதில் குட்டிக் குட்டிக் கட்டங்கள் லட்சக்கணக்கில் இருக்கும். நம்ம ஊர்ப் பக்கம் பட்டுத்தறி வீடுகளில் டிசைன் போடும் கட்டத்தாளைப் பார்த்திருப்பீங்க. தூரத்தில் பார்த்தால் வளைவான மயில், கிட்டப் போனால் எல்லாம் சதுரம் சதுரமாகப் படிக்கட்டு. கணினிப் படமும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று ஒரு எண். செல்போன் படத்தில் பெரும்பாலும் 0 என்றால் கறுப்பு, 255 என்றால் முழு வெளிச்சம். வானத்துப் படத்தில் 65,535 வரைக்கும் எண் போவது உண்டு, ஏனென்றால் மங்கலுக்கும் ரொம்ப மங்கலுக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

படம் எண்ணாகிவிட்டதால் அதில் கூட்டல் கழித்தல் செய்யலாம்! முதலில் மூடியை மூடிக்கொண்டே ஒரு படம் எடுப்பார்கள். இருட்டிலும் சூட்டினால் கட்டத்தில் ஏதோ எண் வரும். அதற்காகச் சில்லை நன்றாகக் குளிரவும் வைப்பார்கள். நட்சத்திரப் படத்தில் ஒரு கட்டத்தில் 140, மூடிய படத்தில் அதே கட்டத்தில் 20 என்றால், உண்மையான ஒளி 120. பிறகு, எல்லாக் கட்டமும் ஒரே மாதிரி உழைக்காது. ஒரே ஒளிக்கு ஒன்று 100 காட்டும், பக்கத்தில் இருப்பது 80 தான் காட்டும். அந்தி வானத்தைச் சீராகப் படம் எடுத்து, எது சோம்பேறிக் கட்டம் என்று கண்டுபிடித்து, அதை 0.8-ஆல் வகுத்துவிடுவார்கள். நாம் வகுத்தல் படிப்பது இதுக்கும் உதவுது பாருங்க.

ஒரே இடத்தை இரண்டு நேரம் படம் எடுத்து ஒப்பிட்டால் நட்சத்திரங்கள் அங்கேயே இருக்கும், நகர்ந்தது மட்டும் மாட்டிக்கொள்ளும். சிறுகோள்களை இப்படித்தான் தேடுவார்கள். 1988-ல் காவலூரில் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, நம்ம கணித மேதை ராமானுஜன் பெயரை வைத்தார்கள். அதன் எண் 4130. வைணு பாப்பு பெயரிலும் ஒரு சிறுகோள் உண்டு, எண் 2596.

பக்கத்தில் ஒட்டியிருக்கும் கட்டத்தாளில் 12-க்கு 12 கட்டம் போட்டு, எண் பெரிதாக இருக்கும் கட்டத்தை வெள்ளையாகவும் சின்னதாக இருப்பதைக் கறுப்பாகவும் தீட்டியிருக்கிறேன். கிட்ட நின்றால் வெறும் சதுரம்தான். நாலு அடி தள்ளிப் போய், கண்ணைக் கொஞ்சம் சுருக்கிப் பாருங்க, வால் நட்சத்திரம் தெரியும். தாளைத் தொடாதீங்க, பென்சில் அழியும்.