வயலைத் தந்தவர்

துறவியர் பீர் தயாரிப்பார்களா என நாம் வியக்கலாம். இங்கிலாந்தின் மவுண்ட் செயின்ட் பெர்னார்ட் மடத்துத் துறவியர் அப்படித்தான் உழைத்து உண்ண முனைந்தனர். பால் பண்ணையை 2014-இல் கைவிட்ட அவர்கள், 2018-இல் 'டின்ட் மெடோ' பீரை வெளியிட்டனர். அது, முதல் துறவியர் 1835-இல் குடியேறிய வயலின் பெயர்.

அந்நிலத்தை வாங்கித் தந்தவர் ஆம்புரோஸ் பிலிப்ஸ் டி லைல். 1809-இல் ஆங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து, இளம் பருவத்திலேயே கத்தோலிக்கரானவர். பிரிந்த கிறிஸ்தவர்கள் ஒன்றாக வேண்டும் என ஏங்கி, 1857-இல் ஒரு சங்கம் தொடங்கத் துணைநின்றார். 1864-இல் உரோமை அதைத் தடுத்தபோது, மனவருத்தத்தோடு கீழ்ப்படிந்து விலகினார். 1878-இல் அந்த ஏக்கம் தீராமலேயே இறந்தார்.

அவர் கனவு கண்ட ஒற்றுமை வரவில்லை. கொடுத்த நிலமோ தலைமுறைகளாகத் துறவியரைத் தாங்கியது. பலனைப் பார்த்த பிறகே கொடுப்போம் எனக் காத்திருக்கும் நாம், சற்றுச் சிந்திப்போம்.