கதியும் வேகமும்: விபுலாநந்த அடிகளின் சொற்பணி

பனிச்சங்கேணிப் பாலத்தில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் எதிரெதிரே மணிக்கு 40 கிலோமீற்றரில் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வாகரைக்குப் போகிறது, மற்றது மட்டக்களப்புக்கு. இரண்டுக்கும் கதி ஒன்றுதான். ஆனால் வேகம் வேறு. வேகத்துக்குத் திசையும் உண்டு.

கதியை ஆங்கிலத்தில் ஸ்பீட் என்பார்கள், வேகத்தை வெலோசிற்றி என்பார்கள். ஸ்பீட் பழைய ஆங்கிலச் சொல். முற்காலத்தில் செழிப்பு, வெற்றி என்பவையே அதன் பொருள். வெலோசிற்றி லத்தீனிலிருந்து வந்தது, விரைவு என்று மட்டுமே பொருள் தருவது. சாதாரண பேச்சில் ஆங்கிலேயரும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்த நுண்ணிய வேறுபாட்டை ஏற்றிவைத்தது விஞ்ஞானம்தான். அப்படியானால் தமிழ்ச் சொற்களும் அந்த வேலையைச் செய்யலாமே! இதற்காக உழைத்தவர்களில் ஒருவர் நம் கிழக்கு மண்ணின் சுவாமி விபுலாநந்தர்.

காரைதீவில் 1892இல் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். 1916இல் கொழும்பில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். (மூன்று பாடங்களுக்கே நமக்கு மூச்சு முட்டுகிறது!) 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம், 1924இல் துறவறம், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பதவி.

அந்நாளில் உயர்கல்வியில் விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆங்கிலம் எட்டாத பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. தமிழில் சொல் இல்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 1934இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் சொல்லாக்கத்தில் இறங்கியது. 1936இல் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அடிகளே தலைமை தாங்கினார். வடமொழியிலிருந்து சொல் எடுப்போம் என்றது ஒரு சாரார். ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதுவோம் என்றது இன்னொரு சாரார். அடிகளோ முதலில் தமிழ் வேரைத் தேட வேண்டும் என்ற பக்கம் நின்றார். 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் நூலாக வெளிவந்தன. விசை, வலு, சக்தி என்று நாம் பிரித்தெழுதுவதைப் பாருங்கள். பேச்சில் மூன்றும் பலம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும், பரீட்சையிலோ அலகே வேறு. இவற்றில் சக்தியும், மேலே சொன்ன கதியும் வேகமும் வடமொழி வழி வந்தவை. அந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் முழுதாக வெல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பௌதிகத்தையும் கணிதத்தையும் கொண்டு பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி காலமானார். கல்லடியில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலயத்திலேயே சமாதி இருக்கிறது.

அவருக்குப் பின் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் தனியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு தன் வழியில் போயிற்று. நாம் திணிவு என்பதை அங்கே நிறை என்கிறார்கள். நாம் நிறை என்பது அங்கே எடை. ஆகவே இந்தியப் புத்தகத்தில் கணக்குச் செய்து பார்க்கும் தோழிகள் நிறை என்ற சொல்லைக் கண்டதும் கொஞ்சம் நிற்க வேண்டும். விடை கிலோகிராமிலா நியூட்டனிலா என்பதே அதில்தான் இருக்கிறது.