ரோமில் வெறுங்கால், டோக்கியோவில் ஷூ

அபேபே பிகிலா என்ற பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது அவருடைய வெறுங்கால்கள்தான். கால்செருப்புக்கும் வழியில்லாத ஆப்பிரிக்கர் ஒருவர் ரோம் நகரத் தெருக்களில் ஓடி உலகை வென்றார் என்று கதை சொல்வார்கள். கதை பொய்யல்ல. ஆனால் பாதிதான் உண்மை. ஷூ வாங்க வழியில்லாமல் அவர் வெறுங்காலோடு ஓடவில்லை. காலுக்குப் பொருந்தும் ஷூ கிடைக்காததே காரணம். நான்கு ஆண்டுகள் கழித்து இதே மனிதர் ஷூ அணிந்து ஓடி, ரோமில் எடுத்துக்கொண்டதைவிடக் குறைந்த நேரத்தில் பந்தயத்தை முடித்தார் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

எத்தியோப்பியாவின் ஷோவா மாகாணத்தில் ஜாட்டோ என்ற மலைக் கிராமத்தில் 1932 ஆகஸ்டு 7-ஆம் தேதி பிறந்தார் பிகிலா. ஆடு மாடு மேய்க்கும் குடும்பம். மேடும் பள்ளமுமான நிலத்தில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்ததால் பாதம் தோல்போல அல்ல, பதப்படுத்திய தோலைப்போல ஆகிவிட்டது. இளைஞரானதும் தலைநகர் அடிஸ் அபாபாவுக்கு வந்து, சக்கரவர்த்தி ஹெயிலி செலாசியின் மெய்க்காவல் படையில் சிப்பாயாகச் சேர்ந்தார்.

அந்தப் படையினருக்கு ஓட்டப் பயிற்சி அளித்து வந்தவர் ஓன்னி நிஸ்கானென் என்ற சுவீடன் நாட்டவர். கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிக உயரத்தில், காற்று மெலிந்த ஊரில் நடந்த பயிற்சி அது. பிகிலா ஷூ போட்டும் ஓடினார், போடாமலும் ஓடினார். இரண்டும் அவருக்குப் பழக்கம் என்பது பின்னால் உதவியது.

1960-இல் ரோம் ஒலிம்பிக். கொண்டுபோன பழைய ஷூ தேய்ந்துவிட்டது. வீரர்களுக்கு ஷூ வழங்கிய கம்பெனியிடம் சில ஜோடிகளே மிச்சம். ஒன்றும் அவர் காலுக்குச் சரியாக அமையவில்லை. இந்த இடத்தில்தான் சிப்பாயும் பயிற்சியாளரும் நல்ல முடிவெடுத்தார்கள். பொருந்தாத ஷூவைவிடப் பழகிய வெறுங்காலே மேல் என்று தீர்மானித்தார்கள்.

நம்மில் பலர் ஷூ வாங்கும் விதத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கடையில் நம்பரைச் சொல்கிறோம். உட்கார்ந்தபடியே ஒரு காலில் மட்டும் மாட்டிப் பார்க்கிறோம். முன்பக்கம் கடிக்கிறதே என்றால், போகப்போகத் தளர்ந்துவிடும் என்கிறார் கடைக்காரர். நாமும் நம்பிப் பணத்தைக் கொடுக்கிறோம். ஓடும்போதும் நெடுந்தூரம் நடக்கும்போதும் கால் சற்று வீங்கும். வேர்வையில் ஊறிய தோல் உராய்ந்து கொப்புளமாகும். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நடந்து பார்த்து, நீளமான விரலுக்கு முன்னே கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்கிறதா என்று கவனித்து வாங்க வேண்டும். புது ஷூவோடு முதல் நாளே நெடுந்தூரம் போகக்கூடாது. அது 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஓட வேண்டியவருக்கு எப்படி இருக்கும்!

செப்டம்பர் 10-ஆம் தேதி மாலை, வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டம் தொடங்கியது. கையில்லாத பனியன், தொடையளவு கால்சட்டை, மார்பில் 11 என்ற எண். உடுப்பு அவ்வளவுதான். இருட்டிய பிறகு, கல் பாவிய பழைய ஆப்பியன் சாலையில் சிப்பாய்கள் தீவட்டி பிடித்து வெளிச்சம் காட்டினார்கள். மொராக்கோ வீரர் ராதி பென் அப்தசலாம் ஒருவர்தான் பிகிலாவோடு சேர்ந்து ஓடிவந்தார். முடிவுக்குச் சற்று முன்னே, 1937-இல் இத்தாலியர் எத்தியோப்பியாவிலிருந்து பெயர்த்துக்கொண்டு போன அக்சூம் கல்தூண் நின்றது. அதன் அருகே பிகிலா வேகத்தைக் கூட்டினார். கான்ஸ்டன்டைன் வளைவை அடைந்தபோது 2 மணி 15 நிமிடம் 16.2 விநாடி. அதுவரை யாரும் மராத்தானை அவ்வளவு விரைவாக ஓடியதில்லை.

மறு ஆண்டு ஜப்பானில் ஓட வந்தபோதும் வெறுங்காலோடுதான் ஓடுவதாக இருந்தார். அங்கே ஷூ தயாரிப்பாளர் கிஹாச்சிரோ ஒனிட்சுகா அவரைச் சந்தித்தார். கொப்புளம் வராதபடி காற்று புகும் ஷூ செய்ய முயன்றுகொண்டிருந்தவர் அவர். சாலையில் கூரான பொருள் குத்தினால் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லி, தம் ஷூவை அணியச் சம்மதிக்க வைத்தார். பிகிலா அணிந்தார், வென்றார். பெயர் வாங்கித் தந்த வெறுங்காலை விடமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. என் கணக்கில் ரோம் வெற்றிக்குச் சமமான பெருமை இது.

1963-இல் பாஸ்டனில் ஐந்தாவதாக வந்தார். ஓடி முடித்த சர்வதேச மராத்தான்களில் அவர் வெல்லாதது அது ஒன்றே. 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக். பந்தயத்துக்குச் சுமார் 5 வாரம் இருக்கையில் குடல்வால் அறுவை நடந்தது. ஆனாலும் அக்டோபர் 21-ஆம் தேதி ஷூ அணிந்து 2 மணி 12 நிமிடம் 11.2 விநாடியில் ஓடி முடித்தார். அடுத்தவர் வந்து சேர 4 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் இவர் புல்தரையில் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார்! பரிசளிப்பின்போது எத்தியோப்பிய நாட்டுப் பண் வாத்தியக்காரர்களுக்குத் தெரியாததால் ஜப்பானியப் பண்ணையே வாசித்தார்கள்.

1968 மெக்சிகோவில் கால் வலியால் பாதியிலேயே விலகினார். 1969 மார்ச்சில் கார் விபத்து. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார். நார்வேயில் பனிச்சறுக்கு வண்டிப் பந்தயத்தில் வென்றார். 1973 அக்டோபர் 25-ஆம் தேதி மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு 41-ஆம் வயதில் காலமானார். இறுதிச் சடங்குக்குச் சக்கரவர்த்தியே வந்திருந்தார்.

இத்தாலி எடுத்துப்போன அக்சூம் தூண் 2005-இல் திரும்பி வந்து 2008-இல் பழைய இடத்தில் மறுபடி நின்றது. அதற்குச் சற்றுப் பின்னர் இத்தாலியக் கம்பெனி ஒன்று, வெறுங்காலோடு ஓடுவதுபோல இருக்கும் என்று சொல்லி, ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை வைத்த ஷூ ஒன்றுக்குப் பிகிலாவின் பெயரையே சூட்டி விற்றது. 2015-இல் குடும்பத்தார் அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தார்கள். தாமதமாக வந்தார்கள் என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது.