தூங்கும் சக்கரம்: யோ-யோ தந்த பெட்ரோ புளோரஸ்

சிங்கப்பெருமாள் கோவிலில் ரெயிலை விட்டு இறங்கினால், ஒரகடத்துக்குப் போகும் சாலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. முக்கண் நரசிம்மரைத் தரிசிக்க வருகிறவர்கள் ஒரு பக்கம். கார் ஆலைக்கும் லாரி ஆலைக்கும் மோட்டார் சைக்கிள் ஆலைக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் மறு பக்கம்.

அந்த ஆலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகளில், அலுமினிய உருளையைக் கம்ப்யூட்டர் லேத்து கடைந்து தள்ளுகிறது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சாமான் தள்ளுபடி!

அதே அலுமினியம், அதே லேத்து, அதே குண்டு பேரிங். இவற்றைக் கொண்டு பல நாடுகளில் இன்று ஒரு விளையாட்டுச் சாமானும் செய்கிறார்கள். அதுதான் உலோக யோ-யோ. விரலில் கயிறு மாட்டிக் கீழே எறிந்தால், சுற்றிக்கொண்டே மேலே ஏறி வருமே, அந்தச் சக்கரம்தான். ஒரு காலத்தில் குளிர்பானக் கம்பெனிகள் விளம்பரத்துக்காகக் கொடுத்த பிளாஸ்டிக் யோ-யோவை நம்மில் பலர் ஆட்டியிருப்போம். உலோக யோ-யோ அதற்குப் பேரன் முறை. விலை ஆயிரக்கணக்கில்!

இந்தச் சக்கரத்தை அமெரிக்கா முழுவதும் சுழல வைத்தவர் பெரிய என்ஜினீயர் அல்ல. ஓட்டலில் பெட்டி தூக்கிய ஒரு சிப்பந்தி. அவர் பெயர் பெட்ரோ புளோரஸ்.

விண்டார் ஊர்ப் பையன்

பிலிப்பைன் நாட்டின் வடகோடியில் இலோகோஸ் நோர்த்தே என்று ஒரு மாகாணம். அங்கே விண்டார் என்ற ஊரில் 1896-ம் ஆண்டு புளோரஸ் பிறந்தார். அப்போது அது ஸ்பெயின்காரர்களின் ஆட்சியில் இருந்தது. 1898-ல் அமெரிக்கர்கள் கைக்கு மாறியது. ஆகவே நினைவு தெரிந்த நாள் முதல் அவர் கண்டது அமெரிக்க ஆட்சிதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பம்பரம் எப்படியோ, அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு யோ-யோ அப்படி. கடையில் வாங்குவதில்லை. மரத்துண்டைக் கத்தியால் செதுக்கி அவரவரே செய்துகொள்வார்கள். அது வேடர்கள் மிருகங்களை அடிக்கும் ஆயுதமாக இருந்தது என்று ஒரு கதை உலாவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரம் கிடையாது. விளையாட்டுச் சாமானுக்கு வீரக் கதை சேர்த்தால் விற்பனை கூடும் அல்லவா!

1915-ம் ஆண்டு, தமது 19-வது வயதில், புளோரஸ் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சான்பிரான்சிஸ்கோவில் படித்தார். வக்கீலாக வேண்டும் என்று சட்டக் கல்லூரியிலும் சேர்ந்தார். படிப்பு முடியவில்லை. கலிபோர்னியாவின் கடற்கரை நகரமான சான்டா பார்பராவுக்குப் போய் கிடைத்த வேலையைச் செய்தார். அவற்றில் ஒன்றுதான் ஓட்டல் வேலை. மணி அடித்தால் ஓடிப் போய்ப் பெட்டியைத் தூக்க வேண்டும்.

பாதி வக்கீல், முழு ஓட்டல் பையன். வயதோ முப்பதைத் தாண்டிவிட்டது.

அந்த நாளில் ஒரு செய்தி அவர் கண்ணில் பட்டது. ரப்பர் நாடாவில் ஒரு பந்தைக் கட்டி விற்ற ஒருவர் பத்து லட்சம் டாலர் சம்பாதித்தார் என்பது செய்தி. விண்டாரில் ஆடிய மரச் சக்கரம் புளோரஸின் நினைவுக்கு வந்தது.

பன்னிரண்டில் தொடங்கி

1928-ம் ஆண்டு ஜூன் மாதம் "யோ-யோ மானுபாக்சரிங் கம்பெனி" என்று பெயர் பதிந்தார். கம்பெனி என்றால் கட்டிடம் இல்லை, இயந்திரம் இல்லை. கையால் ஒரு டஜன் சக்கரம் செய்து பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் விற்றார். அவ்வளவுதான் முதல்!

ஆனால் அவரே தெருவில் நின்று ஆட்டிக் காட்டினார். பிள்ளைகளைக் கூட்டிப் போட்டிகள் நடத்தினார். வித்தையைப் பார்த்தவன் வாங்காமல் போகவில்லை. அந்த நவம்பருக்குள் 2,000 சக்கரம் ஆயிற்று. லாஸ் ஏஞ்சல்ஸ் முதலாளிகள் இருவர் பணம் போட முன்வந்தார்கள். 1929 மார்ச்சில் எண்ணிக்கை 1 லட்சம். அந்த ஆண்டு முடிவதற்குள் மூன்று ஆலைகள், 600 தொழிலாளர்கள், நாள் ஒன்றுக்கு 3 லட்சம் சக்கரம் என்று அந்நாளில் கணக்குச் சொன்னார்கள்.

முடிச்சு இல்லை!

இந்தச் சாமானில் அப்படி என்ன இருந்தது? ஐரோப்பாவுக்கு இது புதிதல்ல. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் பிரபுக்கள் இதை ஆட்டிப் பொழுது போக்கினார்கள். அமெரிக்காவிலேயே 1866-ம் ஆண்டு சின்சினாட்டி நகரத்து இருவர் இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்கள். தாம் கண்டுபிடித்ததாகப் புளோரஸ் ஒருநாளும் உரிமை கொண்டாடியதில்லை. இது மிகப் பழைய விளையாட்டு என்றே சொல்லிவந்தார்.

வித்தியாசம் கயிற்றில் இருந்தது.

மேல்நாட்டுச் சக்கரத்தில் கயிற்றை நடு அச்சில் இறுக்கி முடிந்திருப்பார்கள். கீழே போனால் உடனே மேலே வரும். மறுபடி கீழே, மறுபடி மேலே. கிணற்று வாளி மாதிரி! வேறு ஒன்றும் செய்ய முடியாது.

பிலிப்பைன் வழக்கம் வேறு. நீளக் கயிறு ஒன்றை இரட்டையாக மடித்து முறுக்குவார்கள். மடிந்த நுனியில் ஒரு வளையம் கிடைக்கும். அந்த வளையத்துக்குள் அச்சு சும்மா உட்கார்ந்திருக்கும், முடிச்சே இல்லை. சக்கரம் கயிற்றின் அடிக்குப் போனதும், வளையத்துக்குள் அச்சு சுழன்றுகொண்டே நிற்கும். பம்பரம் ஆடாமல் அசையாமல் நின்று சுற்றினால் தூங்குகிறது என்கிறோமே, அதே தூக்கம்தான். விரலால் ஒரு வெட்டு வெட்டினால் கயிறு கணநேரம் தளர்ந்து, சக்கரத்தின் உட்பக்கத்தில் பற்றிக்கொள்ளும். சக்கரம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கைக்கு வந்துவிடும்.

அது தூங்குகிற அந்தச் சில விநாடிகளில்தான் எல்லா வித்தையும். தரையில் உருட்டலாம், கயிற்றில் ஊஞ்சல் கட்டலாம், தொட்டில் ஆட்டலாம். சாட்டையைச் சுண்டிப் பம்பரத்தை அபீட்டு எடுக்கிற பையனுக்கு இதன் ருசியைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நகம் வைத்துப் பார்ப்பது

இன்றைய உலோக யோ-யோவை எடை போடுகிறவர்களும் இந்தத் தூக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். மரச் சக்கரத்தில் கயிறு அச்சின் மேல் உரசும். ஆகையால் தூக்கம் குறைவு. 1984-ல் சுவீடன் நாட்டு எஸ்.கே.எப். பேரிங் கம்பெனி குண்டு பேரிங் வைத்த யோ-யோவைக் கொஞ்ச காலம் செய்தது. 1990-ல் சான்பிரான்சிஸ்கோ பல் டாக்டர் ஒருவர், அலுமினியத்தில் கடைந்து பேரிங் பொருத்திய யோ-யோவைக் கொண்டுவந்தார். அச்சு சுழல, கயிறு பேரிங்கின் வெளி வளையத்தில் சும்மா நின்றது. உரசல் போயிற்று. விநாடிக் கணக்காக இருந்த தூக்கம் நிமிஷக் கணக்காக மாறியது. சாதனைக்கென்றே செய்த உலோகச் சக்கரங்கள் அரை மணி நேரத்துக்கும் மேல் சுற்றியிருக்கின்றன!

இப்போது வழக்கத்தில் உள்ள உலோக யோ-யோ சுமார் 65 கிராம் எடை. குறுக்களவு ஏறக்குறைய 56 மில்லிமீட்டர். எடை எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே பெரிது. நடுவில் சதை குறைத்து ஓரத்தில் சேர்த்தால் சக்கரம் நெடுநேரம் சுற்றும், சாயாது. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவது போல, அலுமினிய உடலுக்கு எவர்சில்வர் ஓரம் போட்டும் செய்கிறார்கள். அளவுக்கு மீறி ஓரத்தில் எடை ஏற்றினால் வேறு தொல்லை. நிலை தவறாது, ஆனால் கை நினைத்த வேகத்துக்குத் திரும்பாமல் முரண்டு பண்ணும்.

அடுத்தது ஆட்டம். லேத்துக்காரர் டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதை, யோ-யோ ஆடுகிறவர் நகத்தால் பார்த்துவிடுகிறார். சுழலும் சக்கரத்தின் ஓரத்தில் நகத்தை லேசாக வைத்தால், இரண்டு பாதிகளும் ஒரே மையத்தில் கடையப்பட்டனவா என்பது விரலிலேயே தெரிந்துவிடும். பாதிகளைச் சேர்க்கும் மரை கொஞ்சம் கோணினாலும் நகம் காட்டிக் கொடுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் பழைய ஆட்டக்காரர்களைத் திகைக்க வைக்கும். இந்த உயர்ரக உலோக யோ-யோ வெட்டினால் மேலே வராது! பேரிங் அவ்வளவு வழுக்கல். கயிற்றை மடித்து இடுக்குக்குள் ஊட்டினால், உள்ளே ஒட்டியிருக்கும் சிலிக்கான் வில்லை அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் ஏறி வரும். பழகாதவர் இதைப் பழுது என்று திருப்பிக் கொடுப்பார். பழகியவருக்கு, நடு ஆட்டத்தில் தானாக மேலே ஏறி வருவதுதான் பழுது.

பெயரும் போயிற்று

புளோரஸ் கதைக்கு வருவோம். அவர் ஆலை வைத்த காலம் பொல்லாத காலம். 1929 அக்டோபரில் அமெரிக்கப் பங்கு மார்க்கெட் கவிழ்ந்தது. கலிபோர்னியாவில் பிலிப்பைன்காரர்கள் பெரும்பாலும் வயல் கூலிகள், ஓட்டல் வேலைக்காரர்கள். அவர்கள் மேல் வெள்ளையர்களுக்கு இருந்த காழ்ப்பு, 1930 ஜனவரியில் வாட்சன்வில் ஊரில் கலவரமாக வெடித்தது. ஒரு பிலிப்பைன் வாலிபர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார். அப்படிப்பட்ட மாநிலத்தில் பிலிப்பைன்காரர் ஒருவர் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார் என்பதைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

டொனால்டு டங்கன் என்ற வியாபாரி அப்போது வந்து சேர்ந்தார். சரக்கைவிட விளம்பரத்தில் கெட்டிக்காரர். புளோரஸ் கம்பெனியை, யோ-யோ என்ற பெயரோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். விலை இரண்டரை லட்சம் டாலர் என்பது பரவலான பேச்சு. அந்தப் பஞ்ச காலத்தில் அது மலை போன்ற தொகைதான். செய்து விற்பதைவிடப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதிலேயே புளோரஸுக்கு நாட்டம் அதிகம். விற்ற பிறகும் 1931, 1932 ஆண்டுகளில் டங்கனுக்காக ஊர் ஊராகப் போய் ஆட்டிக் காட்டினார். வித்தைக்காரர்களாகப் பிலிப்பைன் வாலிபர்களையே டங்கன் அமர்த்தினார். அவர்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று வித்தை காட்டி, வாங்கிய பிள்ளையின் சக்கரத்தில் தென்னை மரமும் கிளியும் கத்தியால் செதுக்கிக் கொடுப்பார்கள். டங்கன் பத்திரிகைகளோடும் ஒப்பந்தம் செய்துகொண்டார். போட்டியில் சேர வேண்டுமா? பத்திரிகைக்கு மூன்று சந்தா பிடித்து வா!

டங்கனை மோசக்காரர் என்று சொல்வதற்கில்லை. கேட்ட விலையைக் கொடுத்தார். ஆனால் ஊர் உலகம் யோ-யோ என்றால் டங்கன் என்றே பேசத் தொடங்கியது. கண்டுபிடித்தவரே அவர்தான் என்று எண்ணியவர்களும் உண்டு. புளோரஸ் பெயர் மெல்ல மறைந்தது. 1954-ல் அவர் மறுபடி ஒரு கம்பெனி தொடங்கித் தம் பெயரிலேயே சக்கரம் விற்றுப் பார்த்தார். பழைய சந்தை திரும்பவில்லை.

1962-ல் டங்கன் கம்பெனி நாலரைக் கோடி யோ-யோ விற்றதாகக் கணக்கு. யோ-யோ என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று அது போட்டிக் கம்பெனிகள் மேல் வழக்காடியது. எதிர்வாதி ராயல் டாப்ஸ் கம்பெனி. அதை நடத்தியவர் ஜோ ரடோவன். பிலிப்பைனிலிருந்து வந்து யோ-யோ வித்தை காட்டிப் பிழைத்த கூட்டத்தில் அவரும் ஒருவர்!

1965-ம் ஆண்டு அமெரிக்க அப்பீல் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. யோ-யோ என்பது அந்தப் பொருளின் பெயர். பம்பரத்தைப் பம்பரம் என்பது போல. அதற்குத் தனி உரிமை யாருக்கும் இல்லை. அந்த நவம்பரிலேயே டங்கன் கம்பெனி திவாலாயிற்று. 1968-ல் பிளாம்போ என்ற பிளாஸ்டிக் கம்பெனி அந்தப் பெயரை வாங்கிக்கொண்டது. டங்கன் பெயர் போட்ட யோ-யோ, அலுமினிய ரகமும் சேர்த்து, இன்றும் விற்கிறது.

தீர்ப்பு வந்தபோது புளோரஸ் உயிரோடு இல்லை.