ஜான் ஸ்டூவர்ட் பெல்

பௌதிக சாஸ்திரம் பயிலும் நம் மாணாக்கர் ஐன்ஸ்டைன், போர் என்னும் பேரறிஞர் இருவரையும் நன்கறிவர். அவ்விருவரிடை நிகழ்ந்த நெடிய வாதத்தைப் பரிசோதனைச் சாலையின் தீர்ப்பிற்குக் கொணர்ந்த பெல் என்பாரை அறிந்தோர் சிலரே. அவர்தம் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பெல் 1928-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் அயர்லாந்தின் வடபாகத்துள்ள பெல்பாஸ்ட் நகரில் எளிய குடும்பமொன்றிற் பிறந்தார். உடன்பிறந்தார் மூவரும் இளமையிலேயே பள்ளியை விடுக்க நேர்ந்தது. இவரொருவரே தொடர்ந்து கற்றார். பதினாறாம் வயதிற் பள்ளிப்படிப்பு முடிந்தது. சர்வகலாசாலையிற் சேர்தற்கோ வயது போதவில்லை. ஆகவே அந்நகரத்துக் குவீன்ஸ் சர்வகலாசாலையின் பௌதிகப் பரிசோதனைச் சாலையில் ஓராண்டு உதவியாளாய் ஊழியஞ் செய்தார். அங்கிருந்த ஆசிரியர்களாகிய எமிலியஸ், ஸ்லோன் இருவரும் அச்சிறுவனுக்கு நூல்கள் ஈந்து, முதலாண்டு வகுப்பில் அமர்ந்து கேட்கவும் இசைந்தனர். நம் பரிசோதனைச் சாலைகளில் உதவியாளாய் நிற்போரை நாம் ஏறிட்டுப் பார்ப்பதும் அரிதன்றோ!

1948, 1949-ஆம் ஆண்டுகளில் இரு பட்டங்கள் பெற்று, இங்கிலாந்திற் சிலகாலம் பணியாற்றி, 1960-இல் மனைவியார் மேரியுடன் ஜினீவாவை அடுத்த ஸெர்ன் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். ஊதியத்திற்குரிய தொழில் வேறு. குவாண்டம் கொள்கையின் அடிப்படையை ஆராய்வது ஓய்வுநேரத்து வேலையாகவே இருந்தது.

நிற்க, அவ்வாதம் யாதெனில்: ஒருங்கே தோன்றிப் பிரிந்த இரு துகள்களுள் ஒன்றை அளந்தவுடன் மற்றதன் நிலையும் தெரிகின்றது. அந்நிலை தொடக்கத்திலேயே துகளினுள் மறைந்திருந்ததென்பது 1935-இல் ஐன்ஸ்டைனும் தோழர் இருவரும் எழுதியதன் உட்கருத்து. போர் அதனை ஒப்பவில்லை. பெல் இதனைப் பிற்காலத்தில் நகைச்சுவையோடு விளக்கினார். பெர்ட்ல்மன் என்னும் நண்பர் இரு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலுறை அணிபவர். ஒரு காலில் இளஞ்சிவப்பைக் கண்டால், மற்றதில் அந்நிறம் இல்லையென உடனே அறியலாம், இதில் வியப்பில்லை. துகள்களும் இத்தகையனவே எனின், வெவ்வேறு கோணங்களில் அளந்த முடிவுகளின் ஒற்றுமைக்கு ஓர் எல்லை உண்டென்று 1964-இல் பெல் நிறுவினார். 1969-இல் கிளௌசர் முதலியோர் பரிசோதனைக்கேற்ப அமைத்த வடிவில் அவ்வெல்லை 2; குவாண்டம் கொள்கையோ ஏறத்தாழ 2.83 வரை செல்லும்.

அக்கட்டுரை, சின்னாளில் நின்றுபோன பத்திரிகை ஒன்றில் வெளியாகிச் சில ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1972-இல் கிளௌசரும் பிரீட்மனும் பெர்க்லியில் முதற் சோதனை நிகழ்த்தினர். பிரான்ஸ் தேசத்து ஆஸ்பே என்னும் இளைஞர் தம் சோதனைத் திட்டத்துடன் வந்தபோது, பெல் முதலில் வினவியது அவருக்கு நிலையான உத்தியோகம் உண்டா என்பதே! இத்துறையை நம்பியோர் பிழைப்பிழந்த காலமது. 1982-இல் ஆஸ்பே குழுவினர் கண்ட அளவு 2.70. எல்லை மீறப்பட்டது.

இங்கு நாம் நினையத்தக்கது ஒன்றுண்டு. பெல்லின் மனச்சார்பு ஐன்ஸ்டைன் பக்கமே. தாம் விரும்பிய கட்சி தோற்றற்குரிய வழியைத் தாமே வகுத்து, தோல்வி வந்தபோது அதனை மறுக்காது ஏற்றார். எனினும் போர் கட்சியிற் சேர்ந்தாரல்லர். அளத்தல் என்பது யாதெனத் தெளிவாய்க் கூறாத கொள்கை குறையுடையதென்றே இறுதிவரை வாதித்தார்.

1990-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஜினீவாவிற் காலமானார். 2015-இல் ஹாலந்தின் டெல்ப்ட் நகரில் 1.3 கிலோமீட்டர் இடையிட்டு நிகழ்ந்த சோதனை, எஞ்சிநின்ற முக்கிய ஐயங்களை ஒருங்கே அடைத்தது. 2022-இல் கிளௌசர், ஆஸ்பே, ஸைலிங்கர் மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். மாண்டார்க்கு அப்பரிசு அளிக்கும் வழக்கமில்லை. பெல்பாஸ்ட் நகரிலோ ஒரு தெருவிற்குப் பெல் தேற்றத்தின் பெயரே 2015-இல் இடப்பட்டது.